வேங்கிக்காலை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

1. கேள்வி

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் சாலையில் வடக்கே செல்பவருக்கு நகரம் எந்த இடத்தில் முடிந்து வேங்கிக்கால் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. கடைகள் விட்ட இடம் தெரியாமல் தொடர்கின்றன. மனைப்பிரிவுகள் ஒன்றையொன்று முட்டி நிற்கின்றன. மாவட்ட ஆட்சியர் அலுவலகமே வேங்கிக்காலில்தான் இருக்கிறது. ஆயினும் நெடுங்காலமாகச் சட்டத்தின் பார்வையில் இந்த ஊர் ஒரு கிராம ஊராட்சியாகவே இருந்தது. இருபத்து நான்கு லட்சம் மக்களைக் கொண்ட ஒரு மாவட்டத்தின் தலைமை அலுவலகம் கிராமம் ஒன்றின் எல்லைக்குள் இருந்து இயங்கியிருக்கிறது.

இந்த முரண் வெறும் நிர்வாகச் சிக்கல் என்று கடந்துபோகத் தக்கதன்று. ஓர் ஊரின் மக்கள்தொகை இவ்வளவு என்று எழுதும்போது நாம் எந்த எல்லைக்குள் இருப்பவர்களை எண்ணுகிறோம்? அவர்களுடைய வேலையில் எதை வேலையென்று ஏற்கிறோம்? அந்த எண்ணிக்கையைக் கொண்டு அவர்களுக்கு எதைக் கொடுக்கிறோம், எதை மறுக்கிறோம்? வேங்கிக்காலை முன்வைத்து இம்மூன்று கேள்விகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ஓர் ஊரைக் கிராமமென்றும் நகரமென்றும் வகுக்கும் அளவுகோல்கள் அவ்வூரின் பெண்களையும் நிலமற்றவர்களையும் ஏறக்குறைய கண்ணில் படாதவர்களாக ஆக்கிவிடுகின்றன; எல்லை மாறும்போது இழப்பும் அவர்களுக்கே முதலில் வந்து சேர்கிறது என்பது இதன் வாதம்.

2. மூன்று எல்லைகள், ஒரு பெயர்

தமிழ்நாட்டில் ஓர் ஊர்ப்பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் மூன்று வெவ்வேறு எல்லைகள் இருக்கின்றன. முதலாவது வருவாய்க் கிராமம். நிலவரிக்காக அளந்து, புல எண் கொடுத்து, அடங்கலும் சிட்டாவும் எழுதிவைக்கப்பட்ட பரப்பு அது. கர்ணமும் மணியக்காரரும் பரம்பரையாகக் காத்துவந்த இந்தக் கணக்கு, 1980-இல் அந்தப் பதவிகள் ஒழிக்கப்பட்ட பின் கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தது. இரண்டாவது ஊராட்சி, வாக்காளர்களின் எல்லை. மூன்றாவது குடியிருப்பு. மக்கள் 'ஊர்' என்றும் 'காலனி' என்றும் 'நகர்' என்றும் சொல்லிக்கொள்ளும் வாழிடம் இது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தன் கிராம அட்டவணைகளுக்கு அடிப்படையாகக் கொள்வது வருவாய்க் கிராமத்தை. ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் எத்தனை குடியிருப்புகள் இருந்தாலும் அட்டவணையில் ஒரே வரிதான். மொத்த மக்கள், ஆண், பெண், ஆறு வயதுக்குட்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், எழுத்தறிந்தோர், தொழிலாளர் ஆகிய எல்லாமே அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். ஏரிக்கரைக் காலனியில் குடிநீர் இல்லாத வீட்டுக்காரரும், சாலையோர மனையில் புதிதாக மாடிவீடு கட்டி வந்த அரசு ஊழியரும் அந்த வரியில் ஒருவருக்கொருவர் அடையாளம் தெரியாமல் கலந்துபோகிறார்கள். ஊரும் காலனியும் தனித்தனியாக வாழும் நாட்டில் இரண்டுக்கும் சேர்த்து ஒரு சராசரி எழுதுவது, இருக்கும் பிரிவினையைத் தாளில் மட்டும் அழித்துவிடுவதாகும்.

எது நகரம் என்பதற்கு 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு முதல் நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல் இருக்கிறது. நகராட்சி, பேரூராட்சி போன்ற சட்டத் தகுதி பெற்ற ஊர்கள் இயல்பாகவே நகரம். அத்தகுதி இல்லாத ஊர் மூன்று நிபந்தனைகளை நிறைவு செய்ய வேண்டும். மக்கள்தொகை குறைந்தது 5,000. அடர்த்தி ஒரு சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400. ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் குறைந்தது 75 விழுக்காட்டினர் வேளாண்மை சாராத தொழிலில் இருக்க வேண்டும். இவற்றை நிறைவு செய்யும் ஊர் 'கணக்கெடுப்பு நகரம்' எனப்படுகிறது. கணக்கு நூலில் அது நகரம்; ஆட்சிமுறையில் கிராம ஊராட்சியாகவே தொடரும். நகரத்தை ஒட்டி வளரும் வேங்கிக்கால் போன்ற ஊர்களின் இரட்டை நிலைக்கு இதைவிடப் பொருத்தமான வகை இல்லை.

இந்த அளவுகோலில் இரண்டு நுட்பங்கள் கவனிக்கத்தக்கவை. 2011-இல் எந்த ஊர்கள் கணக்கெடுப்பு நகரங்கள் என்பது 2001-ஆம் ஆண்டுத் தரவைக் கொண்டு முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டது. அதற்காக அன்றைக்கு 4,000 பேருக்கு மேல் இருந்த கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். ஆகவே ஓர் ஊரின் வகைப்பாடு அதன் பத்தாண்டுக்கு முந்தைய முகத்தைப் பார்த்து எழுதப்பட்டதாக இருக்கும். இரண்டாவது நுட்பம் இன்னும் ஆழமானது: தொழில் குறித்த நிபந்தனையில் பெண்களுக்கு இடமே இல்லை. இதைப் பின்னர் விரிவாகப் பார்ப்போம்.

கிராமம் என்பது அரசாணையாலும் உருவாகக்கூடியது என்பதற்குத் தமிழ்நாடே சான்று. 2004 ஜூன் மாதத்தில் 561 பேரூராட்சிகள் 'சிறப்பு கிராம ஊராட்சி'களாக மாற்றப்பட்டன. ஊரகத்துக்கென ஒதுக்கப்படும் மத்திய நிதியைப் பெற இந்த மாற்றம் வழிசெய்தது. 2006 ஜூலையில் அவை மீண்டும் பேரூராட்சிகளாயின. இடைப்பட்ட ஈராண்டுகளில் அந்த ஊர்களில் ஒரு வீடும் இடம் மாறவில்லை, ஒருவரும் தொழில் மாறவில்லை. பெயர்ப்பலகை மட்டும் இருமுறை மாறியது.

3. இந்த மண்ணில் நடந்த ஆய்வுகள்

தமிழகக் கிராமங்களைப் புள்ளிவிவரத்தால் அறியும் முயற்சிக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வுகள் 1918-இல் நூலாயின. அதில் இடம்பெற்ற கிராமங்களுள் ஒன்று தூசி. அன்று வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த தூசி இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. ஸ்லேட்டரின் கிராமங்களை 1930-களின் பிற்பகுதியில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் மறுஆய்வு செய்தனர். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் எஸ். குகனும் கே. பரதனும் மீண்டும் தூசிக்குச் சென்றனர். ஒரே ஊரைத் தலைமுறைதோறும் திரும்பிப் பார்க்கும் இந்த மரபுதான் தமிழகக் கிராம ஆய்வின் பெருஞ்செல்வம்.

இரண்டாவது மரபு ஆரணியைச் சுற்றி வளர்ந்தது. பசுமைப் புரட்சியின் விளைவுகளை அறிய பி.எச். ஃபார்மர் தலைமையில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 1973-74இல் வட ஆர்க்காட்டுக் கிராமங்களுக்கு வந்தனர். அங்கிருந்து தொடங்கிய பார்பரா ஹாரிஸ்-வைட்டின் ஆய்வு நாற்பதாண்டுகள் நீண்டது. எஸ். ஜனகராஜன் போன்றோர் உடன் பணியாற்றினர். கிராமத்தைத் தனித்தீவாகக் காணாமல், அதன் நெல்லும் கடனும் கூலியும் போய்ச்சேரும் சந்தை நகரத்தோடு இணைத்துக் காண வேண்டும் என்பது இந்த மரபின் பாடம்.

மூன்றாவது, 2011 கணக்கெடுப்புக்குப் பிறகு எழுந்த விவாதம். இந்தியாவில் கணக்கெடுப்பு நகரங்களின் எண்ணிக்கை 2001-இல் 1,362 ஆக இருந்தது. 2011-இல் 3,894 ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் 111 என்பது 376 ஆனது. அந்தப் பத்தாண்டின் நகர்ப்புற மக்கள் பெருக்கத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு புதிய கணக்கெடுப்பு நகரங்களால் வந்தது என்று கான்ஹு சரண் பிரதான் 2013-இல் கணக்கிட்டார். மக்கள் நகரத்துக்குப் போனதால் வந்த பெருக்கம் அன்று இது. இருந்த இடத்திலேயே ஊரின் வகை மாறியதால் வந்தது. எரிக் டெனிஸ், பார்த்தா முகோபாத்யாய், மாரி-எலென் சேரா ஆகியோர், பெருநகரத்தின் துணையில்லாமல் சிற்றூர்கள் தம் போக்கில் நகரமாவதை வலியுறுத்தினர்.

வேங்கிக்கால் இம்மூன்றில் எதிலும் முழுமையாகப் பொருந்தவில்லை. தூசியைப் போல வேளாண்மையை மையமாக வைத்து இதை விளங்கிக்கொள்ள முடியாது. ஆரணியைப் போலச் சந்தையும் பட்டுத்தறியும் இதை வளர்க்கவில்லை. தன்போக்கில் நகரமான ஊர் என்றும் சொல்ல இயலாது; அரசே இதை வளர்த்த முதன்மைச் சக்தி. 1989 செப்டம்பர் 30 அன்று வட ஆர்க்காடு பிரிக்கப்பட்டுத் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. மாவட்டத் தலைநகர் என்றால் அலுவலகங்கள் வேண்டும். அலுவலகங்களுக்கு நிலம் வேண்டும். கோயிலும் மலையும் கிரிவலப் பாதையும் சூழ்ந்த பழைய நகரத்தில் அதற்கு இடம் அரிது. அலுவலகம் வந்த இடத்துக்கு ஊழியர் வருவார், ஊழியருக்கு வீடு வேண்டும், வீட்டுக்கு மனை வேண்டும். ஏரிப்பாசன நிலம் மனையாவது இப்படித்தான்.

4. எண்கள் சொல்வது

இனி 2011 கணக்கெடுப்பைக் கொண்டு, வேங்கிக்காலின் இருபுறமும் நிற்கும் இரண்டு உலகங்களை ஒப்பிடலாம். ஒன்று மாவட்டம் முழுவதும். மற்றொன்று அன்றைய திருவண்ணாமலை நகராட்சி.

மாவட்டத்தின் மக்கள்தொகை 24,64,875. அதில் நகர்ப்புறத்தார் ஏறத்தாழ 20 விழுக்காடு. மாநில அளவில் இது 48 விழுக்காட்டுக்கு மேல். பட்டியல் சாதியினர் 22.94 விழுக்காடு, பழங்குடியினர் 3.69 விழுக்காடு, இரண்டுமே மாநிலச் சராசரியைவிடக் கூடுதல். நகராட்சியின் மக்கள்தொகை 1,45,278.

முதலில் வளர்ச்சியைப் பார்ப்போம். 2001-இல் மாவட்ட மக்கள்தொகை 21,86,125. பத்தாண்டு வளர்ச்சி சுமார் 12.75 விழுக்காடு. அதே காலத்தில் 1.30 லட்சத்துக்குச் சற்று மேல் இருந்த நகராட்சி 11 விழுக்காட்டுக்குச் சற்றே கூடுதலாக வளர்ந்தது. கிரிவலத்தால் நாடெங்கும் பெயர் பெற்று, மாவட்டத் தலைநகராகவும் ஆகிவிட்ட ஒரு நகரம், ஊரகம் மிகுந்த தன் மாவட்டத்தைவிட மெதுவாக வளர்ந்தது என்பதை எப்படி விளங்கிக்கொள்வது? நகரம் தேங்கிவிட்டது என்பது ஒரு விளக்கம். கண்ணால் பார்ப்பதற்கு அது பொருந்தவில்லை. நகரம் தன் எல்லைக்கு வெளியே வளர்ந்தது, அந்த வளர்ச்சி சுற்றியுள்ள ஊராட்சிகளின் கணக்கில் பதிவாயிற்று என்பதே ஏற்கத்தக்க விளக்கம். வேங்கிக்கால் அவற்றில் முன்நிற்பது.

அடுத்தது தொழில். மாவட்டத்தின் முதன்மைத் தொழிலாளர், அதாவது ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை பார்த்தவர், 9,74,596 பேர். அவர்களில் சாகுபடியாளர் 2,65,183. விவசாயக் கூலிகள் 3,51,310. வீட்டுத் தொழிலில் 37,020. 'பிற தொழிலாளர்' 3,21,083. வேளாண்மை சாராதோர் ஏறத்தாழ 37 விழுக்காடு. நகராட்சியில் முதன்மைத் தொழிலாளர் 43,640 பேரில் வேளாண்மையில் இருந்தவர் 1,489 பேர்தான். மற்ற 96 விழுக்காட்டினருக்கும் மேல் வேறு தொழில்களில் இருந்தனர்.

இந்த எண்களை அப்படியே ஏற்பதற்கு முன் 'பிற தொழிலாளர்' என்னும் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தின் கண்காணிப்பாளர் இதற்குள் இருக்கிறார். திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் அந்த அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரும், டீக்கடை நடத்துபவரும், ஆட்டோ ஓட்டுபவரும், அலுவலகக் கட்டடத்துக்குச் செங்கல் சுமந்த சித்தாளும் இதற்குள்தான் இருக்கிறார்கள். நிலையான சம்பளமும் அன்றாடக் கூலியும் ஒரே எண்ணில் கலந்துவிடுகின்றன. ஏரியின் ஆயக்கட்டு மனையானதும் கூலி வேலையை இழந்து கொத்தனாருக்குக் கையாளாகப் போனவர், கணக்கின்படி வேளாண்மையிலிருந்து முன்னேறிய தொழிலாளி. அவர் வாழ்க்கை முன்னேறியதா என்பதற்கு அந்தப் பெட்டியில் விடையில்லை.

5. பெண்களின் வேலை போகுமிடம்

மாவட்டத்துக்கும் நகரத்துக்கும் இடையே உள்ள மிகப் பெரிய வேறுபாடு இன்னொரு இடத்தில் இருக்கிறது. மாவட்டத்தில் மொத்தத் தொழிலாளர் 12,38,177 பேர். நூறு பேருக்கு ஐம்பது பேர் உழைப்பவர்கள். நகராட்சியில் அது 50,722 பேர், நூற்றுக்கு முப்பத்தைந்துதான். நகரத்தில் வேலையே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. நடவும் களையெடுப்பும் அறுப்பும் பெண்களின் கைகளில் இருக்கும் நாட்டுப்புறத்தில் பெண்ணின் வேலை கணக்கில் ஏறுகிறது. வயல் போனதும் அந்தப் பெண் வீட்டு வேலைக்குப் போகலாம், பூக்கட்டலாம், இட்லி விற்கலாம். அவை தொடர்ச்சியாகக் கிடைப்பதில்லை. கணக்கெடுப்பாளர் கேட்கும்போது வீட்டார் வாயிலிருந்து 'வீட்டில்தான் இருக்கிறாள்' என்ற பதில் எளிதில் வந்துவிடும்.

ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை பார்த்தவர்களைக் குறைகாலத் தொழிலாளர் என்னும் தனி வகையில் கணக்கெடுப்பு வைக்கிறது. இம்மாவட்டத்தில் அவர்கள் 2,63,581 பேர். மொத்தத் தொழிலாளரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். அவர்களில் 1,60,286 பேர் விவசாயக் கூலிகள். ஓர் ஊர் நகரமா என்று முடிவு செய்யும்போது இவர்களைக் கணக்கில் கொள்வதே இல்லை. முதன்மைத் தொழிலாளரிலும் ஆண்கள் மட்டுமே அந்த நிபந்தனைக்கு உரியவர்கள். ஆண்கள் கட்டட வேலைக்கும் கடைக்கும் போய்விட்டார்கள், பெண்கள் இன்னும் களை பறிக்கிறார்கள் என்று ஓர் ஊரை எடுத்துக்கொண்டால், அந்த ஊர் நகரம். அதன் பெண்கள் மட்டும் கணக்குக்கு வெளியே கிராமத்தில் வாழ்கிறார்கள்.

பாலின விகிதமும் கவனிப்புக்குரியது. மாவட்டத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 994 பெண்கள், நகராட்சியில் 1,006. ஆறு வயதுக்குட்பட்டோரில் மாவட்டத்தில் 1,41,205 ஆண் குழந்தைகளுக்கு 1,31,364 பெண் குழந்தைகள். ஆயிரத்துக்கு 930. நகராட்சியில் அது 958 வரை இருக்கிறது. பெரியவர்களைச் சேர்த்த மொத்த விகிதம் நமக்கு ஆறுதல் தரலாம். பிறப்பிலேயே தொடங்கும் ஓரவஞ்சனையைக் குழந்தைகளின் விகிதமே காட்டிக்கொடுக்கிறது. மாவட்டமும் நகரமும் இவ்வளவு வேறுபடும்போது, இரண்டுக்கும் இடையே நிற்கும் ஊர்களைத் தனியே பார்க்கும் தேவை கூடுகிறது.

6. வந்து போகிறவர்களும் தங்கிவிட்டவர்களும்

கோயில் நகரத்தை ஒட்டிய ஊருக்கு வேறொரு சிக்கலும் உண்டு. 2011 கணக்கெடுப்பு பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்தது. அந்த நாள்களுக்கு நடுவே, 18-ஆம் தேதி, பௌர்ணமி. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அன்று நடந்த கூட்டம் எந்த அட்டவணையிலும் இல்லை, இருக்கவும் கூடாது. வழக்கமாக வாழும் இடத்தில் ஒருவரை எண்ண வேண்டும் என்பதே விதி. ஆனால் அந்தக் கூட்டம் குடிக்கும் தண்ணீரும் விட்டுச்செல்லும் குப்பையும் உள்ளூர்க்காரரின் தலையில்தான் விழுகின்றன. தலைக்கு இவ்வளவு என்று பகிரப்படும் நிதியில் அதற்கு இடம் இல்லை.

மறுபுறம், வீடில்லாமல் பாதையோரத்திலேயே தங்கிவிட்ட சாதுக்களும் முதியவர்களும் இருக்கிறார்கள். வீடற்றோரை எண்ணுவதற்குக் கணக்கெடுப்பு ஒதுக்கியது பிப்ரவரி 28-ஆம் தேதி இரவு ஒன்றைத்தான். ஓரிரவில் கண்ணில் பட்டவர்கள் இந்நாட்டின் மக்கள், படாதவர்கள் விடுபட்டவர்கள். இருளர் போன்ற பழங்குடிக் குடும்பங்கள் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போய்விடும் பருவம் இதுவாக இருந்தால் விடுபடும் வாய்ப்பு இன்னும் கூடும்.

7. மாநகராட்சிக்குப் பின்

2024-இல் திருவண்ணாமலை மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. வேங்கிக்கால் உள்ளிட்ட சுற்றுப்புற ஊராட்சிகள் அதன் எல்லைக்குள் கொண்டுவரப்பட்டன. இந்த மாற்றத்துக்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஒரே சாலையின் இருபுறமும் இரண்டு குப்பை வண்டிகள், இரண்டு குடிநீர்த் திட்டங்கள், இரண்டு கட்டட விதிகள் இருப்பது யாருக்கும் நன்மையல்ல. பாதாளச் சாக்கடை போன்ற பெரும் பணியை ஓர் ஊராட்சியின் வருவாயில் செய்ய இயலாது.

ஆனால் இணைப்பின் பலனையும் சுமையையும் எல்லாரும் சமமாகப் பெறுவதில்லை. கணக்கெடுப்பு நகரம் என்ற பெயர் மட்டும் இருந்தவரை ஊரக உரிமைகள் எதுவும் பறிபோகவில்லை, ஏனெனில் அது கணக்கு நூலுக்குள் அடங்கிய பெயர். சட்டப்படி நகரமான பின் நிலைமை வேறு. நூறு நாள் வேலை ஊரகத்துக்கு மட்டும் உரியதாக இருந்தது. நகர உள்ளாட்சியின் எல்லைக்குள் அதற்கு இடமிருக்கவில்லை. தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களின் மனித நாள்களில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் பெண்களுடையவை. மனை வைத்திருப்பவருக்கு இணைப்பால் நிலத்தின் விலை ஏறுகிறது. நிலமே இல்லாத பெண்ணுக்குக் கூலி நாள் குறைகிறது. நகரமாக்கும் நிபந்தனையில் அவள் எண்ணப்படவில்லை. நகரமானதன் விலையை மட்டும் அவளே கொடுக்கிறாள்.

கிராம சபையும் போய்விடுகிறது. ஆண்டுக்கு ஆறுமுறை கூடும் அந்தச் சபையில் காலனிக்காரர் எழுந்து நின்று தலைவரிடம் நேரே கேள்வி கேட்க முடிந்தது. மாநகராட்சியில் வார்டுகளுக்குள் பகுதி சபைகள் உண்டு. ஆனால் பழைய ஊராட்சியின் தலைவர் பதவிக்குச் சமமான ஒன்று அங்கே இல்லை. பெரிய மன்றத்தில் ஊருக்கு ஓரிரு உறுப்பினர் குரல்தான் மிஞ்சும்.

8. முடிவு

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. 1931-க்குப் பிறகு முதன்முறையாக எல்லாச் சாதியினரும் எண்ணப்படவிருக்கிறார்கள். அதன் அட்டவணைகளில் வேங்கிக்கால் தனி ஊராக நிற்காமல் மாநகராட்சியின் வார்டுகளுக்குள் கரைந்துபோகக்கூடும். அவ்வாறு நேர்ந்தால், 2001-க்கும் 2011-க்கும் 2027-க்கும் இடையே இந்த மண்ணில் என்ன நடந்தது என்று ஒப்பிட்டுச் சொல்ல வழியிருக்காது. தூசிக்கு நூறாண்டுக் கதை இருக்கிறது. அதைவிட வேகமாக மாறிய வேங்கிக்காலுக்கு இருபதாண்டுக் கதைகூட இல்லாமல் போகும்.

இதைத் தவிர்க்க மூன்று செயல்கள் போதும். இணைக்கப்பட்ட ஊராட்சிகளின் பழைய எல்லைப்படி வார்டு விவரங்களைத் தொகுத்து வெளியிட வேண்டும். நகரத்துக்கான அளவுகோலில் பெண்களையும் குறைகாலத் தொழிலாளரையும் சேர்க்க வேண்டும். மொத்த எண்ணுக்குக் கீழே குடியிருப்புவாரியான எண்களையும் தர வேண்டும். ஊருக்கு எவ்வளவு, காலனிக்கு எவ்வளவு என்று பிரித்தறிய முடிய வேண்டும். இவற்றுக்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. கணக்கெடுப்பாளர் வீடுவீடாகப் போய்த்தான் எழுதுகிறார். விவரம் திரட்டும் இடத்தில் இருக்கிறது, வெளியிடும் இடத்தில்தான் மறைகிறது.

வேங்கிக்காலைக் கிராமக் கணக்கில் சேர்ப்பதா, நகரக் கணக்கில் சேர்ப்பதா என்று தொடங்கினோம். இரண்டில் எதில் சேர்த்தாலும் ஒரு பகுதி உண்மை கிடைக்கும். எந்தக் கணக்கில் சேர்த்தாலும் விடுபடுகிறவர்கள் ஒரே ஆட்கள்தான் என்பதை மேலே கண்ட எண்கள் காட்டுகின்றன: ஏரிக்குக் கீழே வயல் இருந்தவரை களையெடுத்தவள், வயல் மனையானதும் நூறு நாள் வேலைக்குப் போனவள், ஊர் மாநகராட்சியானதும் அந்த வேலையையும் இழந்தவள். அடுத்த கணக்கெடுப்பாளர் அவள் வீட்டு வாசலில் நின்று 'என்ன வேலை செய்கிறாய், அம்மா?' என்று அவளிடமே கேட்டு, அவள் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டால், இந்த ஊரின் மக்கள்தொகை அன்றைக்குத்தான் முழுமையாக எண்ணப்பட்டதாகும்.